எல்லையில் பூஜ்ஜியமாகும் முன்னுரிமை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இணைய சேவைகளை ஒப்பிட்டுத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில் பதிவிறக்க வேகம், பதிவேற்ற வேகம் இரண்டுக்கும் அட்டவணை இருந்தது. 19 வருடமாக நெட்வொர்க் பராமரிப்பு வேலையில் இருப்பவள் நான். அந்த அட்டவணையில் விடுபட்டதைப் பற்றி எழுதுகிறேன்.

என் அலுவலகத்தில் காது கேளாத சக ஊழியர் ஒருவர் இருக்கிறார். கூட்டங்களின்போது சைகை மொழிபெயர்ப்பாளர் தன் வீட்டிலிருந்தே வீடியோவில் அவருக்கு மொழிபெயர்ப்பார். பகலில் ஒரு குறையும் இல்லை. மாலை 7 மணிக்கு மேல்தான் படம் உறையும். பேச்சில் ஓர் அசை விட்டுப்போனால் ஊகித்துக்கொள்ளலாம். சைகையில் கை பாதியில் நின்றால் அந்தச் சொல்லே போய்விடும். ஒரே கூட்டத்தில் 11 முறை அவர் "திரும்பச் சொல்லுங்கள்" என்று கேட்டதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். கடைசியில் கேட்பதையே விட்டுவிட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இரு பக்கமும் 100 எம்பிபிஎஸ் இணைப்பு. வேகச் சோதனையும் முழுதாகவே காட்டியது. சரி என்று பாக்கெட்டுகளை, அதாவது இணையத்தில் தரவு பயணிக்கும் சிறு துண்டுகளை, பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் அது எந்த வகை என்று சொல்ல 6 பிட் இடம் உண்டு. வீடியோ அழைப்புக்கு முன்னுரிமை கேட்கும் 34 என்ற எண்ணை மொழிபெயர்ப்பாளரின் கணினியில் நானே அமைத்துக் கொடுத்திருந்தேன். அங்கே 34 என்று கிளம்பியது எங்களிடம் 0 என்று, அதாவது எந்த முன்னுரிமையும் இல்லாமல், வந்து சேர்ந்தது. அவருடைய இணைய சேவை நிறுவனத்தின் நெட்வொர்க் முடிந்து எங்கள் சேவை நிறுவனத்தின் நெட்வொர்க் தொடங்கும் இடத்தில்தான் அது அழிக்கப்படுகிறது. எங்கள் ஒப்பந்தத்தில் சேவைத் தர உத்தரவாதம் எழுதியிருக்கிறது. ஆனால் 0 என்று வரும் பாக்கெட்டும் கோப்புப் பதிவிறக்கமும் ஒரே வரிசையில்தான் நிற்கும்.

இதை அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. பக்கத்து நெட்வொர்க் போட்ட எண்ணை அப்படியே நம்பினால், நாளைக்கே எல்லோரும் எல்லாப் பாக்கெட்டையும் அவசரம் என்று குறித்து அனுப்புவார்கள். வழி நெடுக ஒவ்வொரு அழைப்புக்கும் இடம் ஒதுக்கிவைக்கும் ஆர்எஸ்விபி என்ற முறை 1997-இலேயே வந்தது. ஆனால் நடுவிலுள்ள ரவுட்டர்கள் லட்சக்கணக்கான அழைப்புகளை ஒவ்வொன்றாக நினைவில் வைக்க வேண்டியிருந்ததால் அது பொது இணையத்தில் வேரூன்றவில்லை. 1998-இல் வந்த டிஃப்செர்வ் என்ற முறை, பாக்கெட்டுகளைச் சில வகைகளாகப் பிரித்தால் போதும் என்றது. இன்றும் அதுதான் நடைமுறை, ஆனால் பெரும்பாலும் அவரவர் நெட்வொர்க்குக்குள் மட்டும்.

பாதையும் ஒரு சிக்கல். மொழிபெயர்ப்பாளர் வீடு எங்களிடமிருந்து 6 கிலோமீட்டர். பாக்கெட் போய் வர 190 மில்லி விநாடி ஆனது. கண்ணாடி இழையில் ஒளி 1,000 கிலோமீட்டரை ஏறக்குறைய 5 மில்லி விநாடியில் கடக்கும். இரு நிறுவனங்களுக்கும் அருகில் நேரடி இணைப்பு இல்லாததால் டிராஃபிக் வெகுதூரம் சுற்றி வருகிறது. நெட்வொர்க்குகளுக்கு இடையே வழி சொல்லும் பிஜிபி 1989-இல் பிறந்தது. யாரிடம் அனுப்பினால் செலவு குறைவு, எத்தனை நெட்வொர்க்குகளைத் தாண்ட வேண்டும் என்பதை வைத்துத்தான் அதில் வழி முடிவாகிறது. அந்த வழி மாலையில் நெரிசலாக இருக்குமா என்பது அதற்குத் தெரியாது.

நெட்வொர்க்குகள் சந்திக்கும் இடத்தில் பொதுவான சில வகைகளை இரு தரப்பும் மதிப்பதற்கான முன்மொழிவு, ஆர்எஃப்சி 8100 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக 2017-இலேயே வந்துவிட்டது. ஒவ்வொரு வகைக்கும் இவ்வளவுதான் என்று அளவு வைத்து, மீறியதை மட்டும் 0 ஆக்கலாம். ஏமாற்றுவார்களே என்ற பயத்துக்கு அது போதும். பணக்காரருக்குத் தனிப் பாதை போட்டுத் தரும்படி நான் கேட்கவில்லை. அனுப்புகிறவர் யாராக இருந்தாலும் அழைப்பு அழைப்பாகவே போய்ச் சேர வேண்டும்.

கடைசியில் எங்கள் அலுவலகம் மொழிபெயர்ப்பாளரின் நிறுவனத்திடமே இன்னொரு இணைப்பு வாங்கியது. படம் இப்போது உறைவதில்லை. ஆனால் வீட்டிலிருந்து இதே உதவியை நாடுபவர் இரண்டு இணைப்புக்குப் பணம் கட்ட முடியுமா?

அடுத்த முறை ஒப்பிடும்போது, மாலை 8 மணிக்கு ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளரிடமிருந்து வேறொரு நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கு வீடியோ அழைப்பு போட்டு, தாமதமும் பாக்கெட் இழப்பும் எவ்வளவு என்று அளந்து அட்டவணையில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஒரு நெட்வொர்க் பொறியாளர்