லிண்டல் போடுவதற்கு முன்னால்

மினசோட்டா
12.10.2025

அன்புள்ள அண்ணனுக்குத் தம்பி எழுதுவது. இங்கே நான், அவள், பாப்பா மூவரும் நலம். அங்கே அப்பா, அம்மா, மதினி, பிள்ளைகள் நலமறிய ஆவல். அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மதினி அனுப்பிய நெத்திலிக் கருவாடு வந்து சேர்ந்தது. பாதியைச் சமைத்துவிட்டோம். மீதியை எடுத்து வைத்திருக்கிறேன், பனிக்காலத்துக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நம்ம படகுப் பட்டறை ஷெட்டுக்கு பேஸ்மட்டம் முடிந்துவிட்டது, அடுத்த வாரம் லிண்டல், "எட்டடி ஷட்டர் போதும்னு கொத்தனார் சொல்லிட்டாரு" என்றீர்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பொறுங்கள் என்று சொல்வதற்குள் லைன் போய்விட்டது. அதற்கப்புறம் எனக்கு வேலை, உங்களுக்குத் தூக்கம். பத்தரை மணி நேர வித்தியாசத்தில் அளவுக் கணக்குப் பேச முடியாது, போனில் சொன்ன அளவு மனதில் நிற்கவும் செய்யாது. அதனால்தான் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். அப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். இதில் அவருக்குத் தெரிந்த விஷயம் நிறைய இருக்கிறது.

நான் இங்கே என்ன வேலை செய்கிறேன் என்று உங்களுக்குச் சரியாகச் சொன்னதே இல்லை. நாலு பேர் கொண்ட ஒரு கூட்டம் நாங்கள். வீட்டை ஒட்டிக் கார் நிறுத்துகிற கராஜ் கட்டுகிறோம். செங்கல், சிமெண்டு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். தரை மட்டும்தான் கான்கிரீட், சுவரும் கூரையும் மரம். சட்டங்களை நட்டுப் பலகை அடித்து, மேலே டிரஸ் என்கிற முக்கோணக் கூரைச் சட்டத்தைத் தூக்கி வைத்தால் பத்து நாளில் ஓர் உருவம் வந்துவிடும். வாசலுக்கு மேலே நம்மூரில் லிண்டல் போடுகிற இடத்தில் இவர்கள் ஒரு தடித்த மர உத்திரம் வைக்கிறார்கள். கூரை பாரம் மொத்தமும் அதில்தான் இறங்குகிறது. வைத்த பிறகு அதைத் தொடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. அதை என் கையாலேயே பிரித்துப் பார்த்தவன் நான். அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

இந்த ஊர் ஏரிகளின் ஊர். வண்டி நம்பர் பிளேட்டிலேயே 10,000 ஏரிகள் என்று அச்சடித்திருக்கிறார்கள். நல்ல தண்ணீர், உப்பு வாடையே கிடையாது. முதல் கோடையில் மினடோங்கா ஏரிக்கரையில் நின்றபோது, இவ்வளவு தண்ணீர் இருந்தும் ஒரு வலை காயக் காணோமே என்று தோன்றியது. படகெல்லாம் விளையாட்டுக்கும் தூண்டிலுக்கும்தான். அதில் ஒரு வகையை வேக்போர்டு படகு என்கிறார்கள். பையன்கள் காலில் ஒரு பலகையை மாட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்து நிற்பார்கள். படகு இழுக்க, அது கிளப்புகிற அலையில் ஏறி ஆகாயத்தில் துள்ளுவார்கள். கயிற்றைத் தாழ்வாகக் கட்டினால் ஆளை முன்னால்தான் இழுக்கும். உயரத்தில் கட்டினால் மேலேயும் தூக்கும். அதற்காகப் படகின் நடுவில் அலுமினியக் குழாயில் ஒரு வளைவு நிற்கிறது. டவர் என்கிறார்கள். நம்ம தெரு முனையில் தேர்த் திருவிழாவுக்கு மூங்கிலில் வளைவு கட்டுவோமே, அந்த உருவம். அதிலேயே பலகை மாட்ட ரேக், ஸ்பீக்கர், விளக்கு, வெயிலுக்குத் துணிப்பந்தல் எல்லாம் ஏறிக்கொள்ளும்.

இந்தப் படகை யாரும் கரையில் விட்டுவைக்க முடியாது. நவம்பர் கடைசி, டிசம்பரில் ஏரி உறைந்துபோகிறது. பிறகு ஏப்ரல் வாக்கில்தான் உடைகிறது. இந்த என்ஜின் உடம்புக்குள்ளே இருக்கிறது, குளிர்ச்சிக்கு ஏரித் தண்ணீரையே உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு குவளைத் தண்ணீர் உள்ளே தங்கிவிட்டாலும் போச்சு. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கிறது, வார்ப்பிரும்பையே பிளந்துவிடும். அதனால் பனிக்கு முன்னால் தண்ணீரை வடித்து, உறையாத திரவத்தை ஊற்றி, படகைக் கூரைக்குக் கீழே கொண்டுபோய் விடுகிறார்கள். வசதி இல்லாதவர்கள் வெள்ளைப் பிளாஸ்டிக்கை இறுக்கிச் சுற்றி வெளியே நிறுத்துகிறார்கள். நமக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்போதுதானே படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கிறோம்? இவர்களுக்கு அது ஐந்து மாதம்.

இப்போது உயரத்துக்கு வருகிறேன். இங்கே பழைய வீடுகளில் கராஜ் கதவு 7 அடி. இப்போது 8 அடி போடுகிறார்கள். பெரிய வேக்போர்டு படகை டிரெய்லரில் ஏற்றி டவரை நிமிர்த்தி வைத்தால் 9 அடியைத் தாண்டிவிடுகிறது, 10 அடிக் கதவு இருந்தால்தான் நிம்மதி. டவரை மடக்கலாம். கீல் இருக்கிறது, இரண்டு பக்கமும் திருகைத் தளர்த்தி, ரெண்டு பேர் பிடித்து மெதுவாகச் சாய்க்க வேண்டும். சாய்த்தால் ஏழு, ஏழே முக்காலுக்கு இறங்கும். கேட்லாக்கில் போட்டிருக்கும் உயரத்தை நம்பவே கூடாது. தண்ணீர் மட்டத்திலிருந்து அளந்திருப்பார்கள், இல்லாவிட்டால் ரேக்கைச் சேர்த்திருக்க மாட்டார்கள். படகு டிரெய்லரில் உட்கார்ந்திருக்கும்போது டேப்பைப் பிடித்து நாமே அளக்க வேண்டும்.

போன வருஷம் அப்படித்தான் நானும் அளந்தேன். ஏரிக்கரையில் ஒருவர் வீட்டுக்குக் கராஜ். கட்டுவதற்கு முன்னால் அவர் படகு நின்ற கொட்டகைக்குப் போய் அளக்கச் சொல்லி முதலாளி என்னை அனுப்பினார். மடக்கிய டவரின் உச்சி தரையிலிருந்து 7 அடி 9 இஞ்சு. ரசமட்டம் வைத்து, மூன்று தடவை அளந்தேன். கதவு 8 அடி, மூன்று இஞ்சு இடைவெளி. சரி என்று குறித்துக்கொடுத்தேன்.

நான் அளந்தது மட்டமான தரையில். அவர் வீடோ ரோட்டிலிருந்து ஏரியைப் பார்த்து இறங்குகிற நிலம். ரோட்டிலிருந்து கராஜுக்கு அடிக்கு ஒரு இஞ்சு வாட்டம். அக்டோபரில் படகைக் கொண்டுவந்து, பின்பக்கமாக உள்ளே தள்ளினார்கள். சக்கரம் உள்ளே போனது. சக்கரம் மட்டத் தரைக்கு வந்துவிட்டது, இழுக்கிற வண்டி இன்னும் மேட்டில் நிற்கிறது. அணியம், அதாவது படகின் முன்பக்கம், தூக்கிக்கொண்டது. சிணுங்குகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நான் கையை வீசிக் கத்தினேன், வண்டி நின்றது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். மடக்கிய டவரின் முதுகில் கறுப்புப் பூச்சு உரிந்து ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளை அலுமினியம் தெரிந்தது. உத்திரத்துக்குக் கீழே அடித்திருந்த புதுப்பலகையில் அதே நீளத்துக்குக் கறுப்புக் கோடு. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. ஏணியில் ஏறி அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். அந்தப் படகுக்காக அவர் எத்தனை வருஷம் சேர்த்துவைத்தாரோ. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். சக்கரத்திலிருந்து, டிரெய்லரை வண்டியில் மாட்டுகிற கொக்கி 16 அடி. டவரின் உச்சி சக்கரத்துக்கு முன்னால் 4 அடி. டவர் வாசலுக்குக் கீழே வரும்போது சக்கரம் 4 அடி உள்ளே இருக்கிறது, கொக்கி 12 அடி வெளியே இருக்கிறது. அடிக்கு ஒரு இஞ்சு என்றால் கொக்கி 12 இஞ்சு மேலே நிற்கிறது. பதினாறு அடிக்குப் பன்னிரண்டு இஞ்சு ஏறினால், டவர் இருக்கிற நாலு அடிக்கு மூன்று இஞ்சு. என்னிடம் இருந்த இடைவெளியும் அதே மூன்று இஞ்சு. போதாததற்கு, திறந்த கதவின் அடி ரப்பர் ஒரு இஞ்சு கீழே தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்தாம் வகுப்புக் கணக்குதான், நான் அதைப் போடவே இல்லை.

உத்திரத்தைப் பிரித்தோம். கூரைக்குத் தற்காலிகமாக முட்டுக் கொடுத்து, ஒரு வாரம் வேலை. நல்ல காலம், சுவர் 10 அடி 6 இஞ்சு இருந்தது. 9 அடிக் கதவு, அதற்கு மேலே உத்திரம், உள்ளே கதவு ஏறி மடங்குகிற தண்டவாளத்துக்கும் ஸ்பிரிங்குக்கும் ஒரு அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம், எல்லாம் நெருக்கியடித்து உட்கார்ந்தது. சுவர் இன்னும் கட்டையாக இருந்திருந்தால் கூரையையே கழற்றியிருக்க வேண்டும். முதலாளி சம்பளத்தில் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் படகை அளப்பதற்கு முன்னால் நிலத்தின் வாட்டத்தைத்தான் அளக்கிறேன்.

அண்ணே, நம்ம ஷெட்டு அந்த ஏரி வீடு மாதிரியேதான் இருக்கிறது. ரோடு மேலே, நம்ம இடம் கீழே. நான் சின்னப் பையனாக இருந்தபோது நம்ம வாசலும் ரோடும் ஒரே மட்டம். ரோடு போட்டுப் போட்டு இப்போது நாம் படி இறங்கி வீட்டுக்குள் போகிறோம். படகு ரோட்டு வழியாக டிரெய்லரில் வரும், டிராக்டர் ரோட்டில் நின்று பின்னால் தள்ளும், அணியம் தூக்கும். பைபர் படகில் டவர் கிடையாது, ஆனால் விளக்குக் கம்பமும் ஏரியலும் நிற்கிறதே! மடக்க முடியாத கம்பமும் இருக்கும். பழுதுக்கு வருகிறவன் கம்பத்தைக் கழற்றிவிட்டா வருவான்? அடுத்து ரோடு போட்டால் வாட்டம் இன்னும் கூடும். மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது என்று நீங்கள் நாளைக்குத் தரையை அரையடி உயர்த்தினால், அந்த அரையடி வாசல் உயரத்திலிருந்துதான் போகும். அதனால் தரை மட்டத்தை முதலில் முடிவு பண்ணுங்கள். ரோட்டுக்கு மேலேயே தரையை ஏற்ற முடியுமானால் அதுதான் உத்தமம். வண்டி கீழே நிற்கும், உள்ளே போன பின்பக்கம்தான் தூக்கும். அப்போது என்ஜின் மேலே இடிக்காதபடி உள்கூரையைப் பார்த்துக்கொண்டால் போதும்.

ஷட்டர் விஷயம். சுருட்டிக்கொள்கிற உருளை மேலே ஓரடியைத் தின்னும், அது வாசல் திறப்புக்குள்ளேயே தொங்கினால் எட்டடி என்பது ஏழடிதான். உப்புக்காற்றில் அந்த ஸ்பிரிங்கும் பட்டையும் எத்தனை வருஷம் வரும் என்று உங்களுக்கே தெரியும். நான் இரட்டைக் கதவு கேட் போடுங்கள் என்பேன். அப்பாவிடம் கேளுங்கள், பாம்பன் பழைய பாலம் எப்படித் திறந்தது என்று. 1914-ல் கட்டியது, இரண்டு கையும் இரண்டு பக்கமாக மேலே விரியும், நடுவில் ஆகாயம்தான். எவ்வளவு உயரக் கப்பலுக்கும் தலையில் தட்ட ஒன்றுமில்லை. இந்த ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே 17 மீட்டர் மேலே ஏறுகிறது. அது பெரிய வேலை, படம் பார்த்து நான் மலைத்துப்போனேன். ஆனால் அதற்குக் கீழே போகிறவனுக்குத் தலைக்கு மேலே ஒரு அளவு இருக்கிறது. நம்ம ஷெட்டுக்குப் பழைய பாலம்தான் சரி. கேட்டுக்கு மேலே லிண்டலே வேண்டாம், கூரையை ஒட்டின உத்திரம் போதும்.

ஒன்றே ஒன்று, காற்று. பத்தடி உயரக் கதவு என்பது பாய் மாதிரி. கதவு வடகடலைப் பார்த்தால் வாடைக்காற்று உள்ளே புகுந்து தகரத்தைக் கீழிருந்து தூக்கும். ரோடு தெற்கே இருப்பது நல்லதாகப் போயிற்று. கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள், நடுவில் ஒரு குறுக்குப்பட்டை, கூரை ஷீட்டுக்கு வளைகொக்கி போல்ட்டு நெருக்கமாக. வெல்டரிடம் விலை பேசும்போது இதில் மட்டும் குறைக்காதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. இங்கே படகு சும்மா நிற்கத்தான் கராஜ். உங்களுக்கு அது பட்டறை. படகுக்குள் ஆள் நிமிர்ந்து நின்று பைபர் ஒட்ட வேண்டும். டிரெய்லர், படகு, அதன் மேல் ஆறடி ஆள், அதற்கும் மேலே அந்த மருந்து நெடி போக இடம். உள்கூரையை அந்தக் கணக்கில் வையுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வருகிற படகுகளிலேயே உயரமானது எதுவோ அதை டிரெய்லரோடு நிறுத்தி, கம்பத்தின் உச்சி வரைக்கும் ஒரு அளவு எடுங்கள். சக்கரத்திலிருந்து கொக்கி வரை ஒன்று. சக்கரத்திலிருந்து கம்பம் வரை ஒன்று. பிறகு ரோட்டு ஓரத்திலிருந்து பேஸ்மட்டம் வரை நூல் கட்டி, ரசமட்டம் வைத்து, எத்தனை அடிக்கு எத்தனை இஞ்சு இறங்குகிறது என்று பாருங்கள். நாலு எண்ணையும் சிகரெட் அட்டையில் எழுதியாவது படம் பிடித்து அனுப்புங்கள். எந்த நேரமானாலும் பரவாயில்லை, நான் எழுந்து பார்த்துக் கணக்குப் போட்டு அனுப்புகிறேன். அதுவரைக்கும் கம்பி கட்ட வேண்டாம் என்று கொத்தனாரிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பாப்பா பெரியப்பாவிடம் பேச வேண்டும் என்கிறாள். இங்கே மரமெல்லாம் சிவந்து இலை கொட்டுகிறது. பாப்பாவின் அம்மா ராத்திரி ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போய்விட்டாள், நான் பாப்பாவைத் தூங்க வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். அம்மாவை மருந்தை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள்.

அன்புத் தம்பி