பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

தஞ்சாவூர்
பிப்ரவரி 11

அன்புள்ள பாப்பா,

அப்பா எழுதுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ "ம்", "சரிப்பா", "சாப்பிட்டேன்ப்பா" என்ற மூன்றோடு முடித்துக்கொள்கிறாய். நான் அடுத்ததைக் கேட்பதற்குள் அம்மா வாங்கிக்கொள்கிறாள். நாலு வாரமாக ஞாயிற்றுக்கிழமை போனும் வருவதில்லை. வாட்ஸ்அப்பில் நீ கடைசியாக வந்த நேரத்தைப் பார்த்து, பத்தரை மணி நேரத்தைக் கழித்துக் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நேற்று இங்கே மதியம் இரண்டரைக்கு வந்திருந்தாய். அங்கே விடியற்காலை நாலு மணி. அந்த நேரத்தில் என்ன முழிப்பு? தூங்கு அம்மா. படிப்பு எங்கேயும் ஓடிப்போகாது.

அமெரிக்காவில் நீ படிக்கிற மிடில்டவுனில் பனி என்று செய்தி பார்த்தேன். காதை மூடிக்கொள். சின்ன அத்தை பின்னிக் கொடுத்த குல்லாவை நீ போட்டு நான் ஒரு போட்டோவிலும் பார்க்கவில்லை.

இங்கே எல்லாரும் நலம். பெரியப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது. கிழக்குச் சுவர் விஷயமும் ஒருவழியாகத் தீர்ந்தது, அவர்களே வந்து பேசினார்கள். விவரம் நேரில் சொல்கிறேன். ராத்திரி சீக்கிரம் படு, அதுதான் முக்கியம்.

இந்தப் பருவம் முடிவதற்குள் மேஜர், அதாவது முக்கியப் பாடம், எது என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்று முதல் வருஷம் நீயேதான் சொன்னாய். நான் அதைக் கேட்கவில்லை. உனக்குத் தெரியாதது இல்லை. ஆபீசில்தான் கேட்கிறார்கள். "பொண்ணு என்ன சார் படிக்குது? லிபரல் ஆர்ட்ஸ்னா டிராயிங்கா?" என்று போன மாதம்கூட ஒருத்தர் கேட்டார். நான் உட்கார வைத்து விளக்கினேன். வெஸ்லியன் 1831-ல் ஆரம்பித்த பல்கலைக்கழகம், ஆனாலும் பட்டப்படிப்புப் பிள்ளைகள் மொத்தமே ஏறக்குறைய மூவாயிரம் பேர்தான், எட்டுப் பேருக்கு ஒரு ஆசிரியர் என்கிற கணக்கு. பொருளாதாரம் படிக்கிற பெண் மத்தியானம் வான சாஸ்திர வகுப்புக்குப் போகலாம், சாயங்காலம் நாடகம் படிக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள், முப்பத்திரண்டு கிரெடிட் சேர்த்தால் பட்டம் என்றெல்லாம் சொன்னேன். ஃபாஸ் ஹில் மேட்டில் இருக்கிற அந்த வான் ஆய்வுக்கூடத்தின் வாசலில் நீ நிற்கிற போட்டோவையும் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கொடுத்து வச்சவங்க சார்" என்றார். நான் பி.காம். சேர்ந்த அன்றைக்கே பி.காம்.தான். பக்கத்து வகுப்பில் தமிழ் நடக்கும். ஜன்னல் வழியாகக் கேட்டதோடு சரி. நீ அப்படி இல்லை என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை.

ஆனால் ஒன்றை நீயும் யோசிக்க வேண்டும். வருஷத்துக்கு 80,000 டாலருக்கு மேல் ஆகிற இடம். அவர்கள் கொடுக்கிற உதவித்தொகை போக மீதிக்குத்தான் வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கினோம். படிப்பு முடிந்து ஒரு வருஷம்தான் வங்கி பொறுக்கும், அப்புறம் தவணை ஆரம்பித்துவிடும். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் படித்து முடித்து அங்கே ஒரு வருஷம் வேலை பார்த்த பிறகு, இன்னும் இரண்டு வருஷம் வேலை பார்க்க நீட்டித் தருகிறார்கள். அறிவியல், கணக்கு சேராத பாடங்களுக்கு அந்த ஒரு வருஷம்தான். ஒரு வருஷத்துக்கும் மூன்று வருஷத்துக்கும் இருக்கிற வித்தியாசம் எனக்குத் தூக்கத்தில்கூட வருகிறது. நான் வற்புறுத்தவில்லை. யோசி என்றுதான் சொல்கிறேன். நீ யோசிக்காமல் எதையும் செய்கிற பிள்ளை இல்லை என்றும் எனக்குத் தெரியும். யோசி. நேரத்துக்குச் சாப்பிடு.

இதை எழுதி நிறுத்திவிட்டு, தபாலில் சேர்க்காமல் இரண்டு நாள் மேஜை டிராயரில் வைத்திருந்தேன். மீதியையும் எழுதிவிடுகிறேன்.

நியூஜெர்சி சித்தி பொங்கல் அன்றைக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். "நம்ம பாப்பாதானே இது?" என்று கேட்டிருந்தாள். அக்டோபரில் உங்கள் பல்கலைக்கழகத்தில் நடந்த நவராத்திரி கச்சேரியாம். நாற்பது நொடிதான் இருக்கிறது. தலைமுடியை வெட்டியிருக்கிறாய், முதலில் அடையாளமே தெரியவில்லை. அப்புறம் நீ மிருதங்கத்தின் இடது பக்கம், தொப்பிப் பக்கம் குனிந்து, காதைக் கிட்டத்தில் வைத்து, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாய். சுருதிக்காக ஒட்டியிருந்த ரவையில் ஒரு கிள்ளு எடுத்துவிட்டு மறுபடி தட்டினாய். எட்டு வயதில் சமையலறைத் தரையில் உட்கார்ந்து நீ செய்தது அப்படியே. உப்புமாவுக்கு வைத்த ரவையைக் காணோம் என்று அம்மா தேட, நீ பின்கட்டில் அதைத் தண்ணீர் விட்டுப் பிசைந்துகொண்டிருப்பாய்.

அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று எண்ணவில்லை. அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை. நீ எங்களிடம் சொல்லவே இல்லையே பாப்பா. கச்சேரிக்கு உட்கார்கிற அளவுக்கு வந்திருக்கிறாய் என்றால் ஒரு வருஷமாவது தினமும் சாதகம் செய்திருக்க வேண்டும். அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் "என்னம்மா பண்ணே இந்த வாரம்?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லப்பா" என்றாய்.

போன வாரம் உன் மிருதங்க வாத்தியார் வீட்டுப் பக்கம் போனேன். நாலு வருஷத்துக்கு மேலாக நான் அந்தத் தெருவில் போனதில்லை. அவருக்கு வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது. நீ எங்கே படிக்கிறாய் என்று கேட்டார், சொன்னேன். "வெஸ்லியனா? ரங்கநாதன் இருந்த இடமாச்சே!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் ஒரு மணி நேரம் அவர்தான் பேசினார். மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சிஷ்யர், பரதநாட்டியம் பாலசரஸ்வதியின் தம்பி, 1963-ல் அங்கே போய் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுத்தவர், 1987-ல் காலமானபோதும் அவர் பாடம் சொல்லிக்கொண்டிருந்தது அங்கேதான், அவருடைய இன்னொரு சகோதரர் புல்லாங்குழல் விஸ்வநாதனும் 2002 வரை அங்கேதான் இருந்தார் என்று. பாலசரஸ்வதியையும் சேர்த்து வீணை தனம்மாளின் பேரப்பிள்ளைகளில் மூன்று பேர் அந்தக் குளிர்ப் பிரதேசத்தில் போய்ப் பாடம் சொன்னார்கள் என்று சொன்னபோது அவருக்குக் குரல் கம்மிவிட்டது. கடைசியில், "பாப்பாவுக்கு இதெல்லாம் நான் சின்ன வயசிலேயே சொல்லியிருக்கேனே சார்" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அட்மிஷன் வந்த நான்கு இடங்களில் ஏன் இதையே பிடித்துக்கொண்டு நின்றாய் என்று அன்றைக்கு எத்தனை தடவை கேட்டிருப்பேன். "பொருளாதாரம் நல்லா இருக்கும்ப்பா" என்றாய். நானும் அதை நம்பி ஊரெல்லாம் சொன்னேன். பதினேழு வயதில் நீ இவ்வளவையும் மனசுக்குள் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை வெளியே விடாமல் விமானம் ஏறியிருக்கிறாய். அப்பாவிடம் சொல்ல முடியாது என்று உனக்கு ஏன் தோன்றியது என்று கோபம்கூட வந்தது. சொல்ல முடியாதபடி ஆக்கினது யார் என்று பிறகுதான் நினைத்துப் பார்த்தேன்.

உன் மிருதங்கம் தொலைந்துபோகவில்லை பாப்பா. பத்தாவது காலாண்டில் கணக்கில் மார்க் குறைந்ததே, அந்த வாரம்தான். தோல் மூட்டு மாற்றக் கொடுத்தேன், மிருதங்கம் வேலை செய்கிறவர் எங்கேயோ தவறவிட்டுவிட்டார் என்று உன்னிடம் சொன்னேன். அவர் ஒன்றும் தவறவிடவில்லை. நான்தான் விற்றேன். 4,500 ரூபாய் வந்தது. அதை அப்படியே கொண்டுபோய் டியூஷனுக்குக் கட்டினேன். அம்மாவுக்கும் இன்றுவரை தெரியாது. நீ ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் நீயாகவே சாப்பிட ஆரம்பித்தாய், மார்க்கும் வந்தது, நான் செய்தது சரி என்று நினைத்துக்கொண்டேன்.

வாத்தியார் வீட்டிலிருந்து நேரே மேலவீதிக்கு அந்த மிருதங்கம் வேலை செய்கிறவரைப் பார்க்கத்தான் போனேன். ஒரு மிருதங்கத்தின் தோல் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க வாய் எழவில்லை, நின்றேன். அவரே சொன்னார்: "பாப்பா அப்ப ரெண்டு தடவை சைக்கிள்ல வந்துச்சு சார். எங்க வச்சீங்க, நல்லாத் தேடிப் பாருங்கன்னு அழுதுச்சு. உங்க பேரைச் சொல்ல எனக்கு மனசு வரலை. தொலைஞ்சு போச்சும்மான்னுட்டேன்."

நீ சைக்கிளில் போனது எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை நீ சொல்லவில்லை. அந்த மனிதர் தன் தொழில்மேல் பழியை ஏற்றுக்கொண்டு நாலு வருஷத்துக்கு மேல் சும்மா இருந்திருக்கிறார். நான் தினமும் ஆபீசுக்குப் போய் வந்திருக்கிறேன். இந்த இடத்தில் எழுத முடியாமல் கொஞ்ச நேரம் எழுந்து போய்விட்டு வந்தேன்.

இரண்டு மேஜர் எடுக்க உங்கள் இடத்தில் வழி உண்டாமே, சித்தி சொன்னாள். கம்ப்யூட்டரும் இசையும் சேர்த்து எடுத்தால் உனக்குப் பாரமாக இருக்குமா? உடம்பைக் கெடுத்துக்கொண்டு வேண்டாம். கடன் என் பெயரிலும் இருக்கிறது, அதை நீ ஒருத்தியே தலையில் போட்டுக்கொள்ளாதே. விடியற்காலை நாலு மணிக்கு விழித்திருப்பது சாதகத்துக்காக என்றால் எனக்குக் கவலை இல்லை. மேஜர் என்னவென்று சொல்லப் பயந்துகொண்டு என்றால், பயப்படாதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய். அம்மாவிடம் நான்தான் சொல்ல வேண்டும், நீ சொல்லாதே.

மேலவீதிக்காரரிடம் புதிதாக ஒன்றுக்குச் சொல்லிவிட்டு வந்தேன். முன்பணம் கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றார், வைத்துவிட்டு வந்தேன். பண்ருட்டிப் பலாக்கட்டை ஒன்று நன்றாகக் காய்ந்தது இருக்கிறதாம். அந்த ஊரில் வார் இழுக்க ஆள் கிடைக்காது, நட்டு போல்ட்டு வைத்தே செய்துவிடலாமா என்று கேட்கிறார். குளிர்காலத்தில் அறையில் ஹீட்டர் ஓடினால் தோல் காய்ந்து சுருதி ஏறிவிடுமாம், அதற்கும் ஏதோ செய்கிறேன் என்றார். அங்கே நீ யாருக்கு வாசிக்கிறாய், பாடுகிறவர் ஆணா பெண்ணா, தாழ்ந்த தக்கு சுருதியா உயர்ந்த ஹெச்சு சுருதியா, எத்தனை கட்டைச் சுருதி என்று தெரிந்தால்தான் மரக்கட்டையின் நீளத்தை முடிவு செய்ய முடியும் என்கிறார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுது.

அன்புடன்,
அப்பா