பட்டர் புரூட்டும் மறுநாள் அசதியும்

அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள செல்வி,

பஸ்ஸில் நீ கொடுத்தனுப்பிய பட்டர் புரூட் வந்து சேர்ந்தது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கியும் ஒரு பழம்கூட நசுங்கவில்லை. ஆனால் ஒன்றையும் நான் தொடவில்லை, எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. கோபித்துக்கொள்ளாதே.

போன வருஷம் உன் வீட்டில் சர்க்கரை போட்டுப் பிசைந்து கொடுத்தாயே, அன்றே நாக்கு அரித்து உதடு தடித்தது. என் கைத் தடிப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை. ஆபரேஷன் தியேட்டரில் கிளவுஸ் போட்ட பத்தாவது நிமிஷம் மணிக்கட்டு வரை தட்டுத் தட்டாகக் கிளம்பும். "சோப்பு ஒத்துக்கலை சிஸ்டர்" என்று சொல்லியே பல வருஷம் ஓட்டினார்கள். ஒருநாள் பக்கத்தில் நின்றவள் கிளவுஸைச் சடக்கென்று கழற்ற, பறந்த பவுடரிலேயே எனக்கு மூச்சு இழுத்துவிட்டது. அப்புறம்தான் ரத்தத்தில் ஐஜிஇ, அதாவது அலர்ஜியைக் காட்டும் எதிர்ப்புப் புரதம், பார்த்தார்கள். லேடெக்ஸ் அலர்ஜி, அதாவது கிளவுஸ் செய்யும் ரப்பர் பால் ஒத்துக்கொள்ளாமை.

ரப்பர் பாலில் இருக்கும் புரதம் பவுடரில் ஒட்டிக்கொண்டு காற்றில் அலையுமாம். அமெரிக்காவில் பவுடர் கிளவுஸை 2017-லேயே தடை செய்துவிட்டார்கள். பட்டர் புரூட், வாழை, கிவி இவற்றிலும் அதே சாயலில் புரதம் இருப்பதால் சிலருக்கு உடம்பு ஏமாந்துபோகிறது. நல்லவேளை, வாழைப்பழம் எனக்கு இன்னும் ஒத்துக்கொள்கிறது. மருந்தால் போவதில்லை, ஒதுங்கியிருக்க வேண்டியதுதான். இப்போது ரப்பர் பால் இல்லாத நைட்ரைல் கிளவுஸ். பல் டாக்டரிடம் போனாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். பேரன் பிறந்தநாளுக்குப் பலூன் ஊதும் வேலையும் போயிற்று, அதில் வருத்தமில்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். காய்ச்சல் வந்து எட்டு மாசமாகியும் அசதி போகவில்லை, தைராய்டு, சர்க்கரை, ரத்த அளவு எல்லாம் நார்மல், "மனசுதான் காரணம், தினமும் நடங்க" என்று அனுப்பிவிட்டார்கள் என்கிறாய். நீ போகிறபோக்கில் எழுதிய இன்னொரு வரிதான் என்னை உறுத்தியது. சேர்வராயன் கோயிலுக்குப் போன அன்று நன்றாக இருந்தாய், மறுநாள் தொடங்கி மூன்று நாள் பாத்திரம் கழுவக்கூட நிற்க முடியவில்லை. அதை ஏன்டி டாக்டரிடம் சொல்லவில்லை?

நாள்பட்ட அசதி நோய் (ME/CFS) என்று ஒன்று இருக்கிறது. அதற்கு 2015-ல் அமெரிக்காவில் வகுத்த வரையறையில் முக்கியமானதே அதுதான். ஆறு மாசத்துக்கு மேல் நீடிக்கும் அசதி, உழைத்த பின் இப்படிப் படுத்துவிடுவது, தூங்கியும் தெளியாமை, கூடவே யோசனை மந்தமாவதோ எழுந்து நின்றால் கிறுகிறுப்போ இருக்க வேண்டும். இதற்கென்று தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. அதனால் நார்மல் ரிப்போர்ட்டை வைத்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட முடியாது. நடையைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையை இந்த நோய்க்குத் தரக்கூடாது என்று பிரிட்டனில் 2021-ல் வழிகாட்டுதலையே மாற்றிவிட்டார்கள்.

நான் நர்ஸ்தான், இந்த நோய்தான் என்று முத்திரை குத்த மாட்டேன். இரண்டு வாரம் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வை: என்ன வேலை செய்தாய், மறுநாள் எப்படி இருந்தது என்று. அதை எடுத்துக்கொண்டு இறங்கி வா, வேறு டாக்டரிடம் நானும் கூட வருகிறேன். படுக்கவைத்து ஒரு தடவை, பத்து நிமிஷம் நிற்கவைத்து ஒரு தடவை நாடியும் பிரஷரும் பார்க்கச் சொல்லிக் கேட்போம். முந்தின நாள் காபிக் கொட்டை உலர்த்துகிறேன் என்று வெயிலில் நிற்காதே.

வரும்போது பழம் கொண்டுவருவதென்றால் ஆரஞ்சு கொண்டு வா.

உன்,
மல்லிகா