விசிலை ஓரமாக வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

விளையாட்டுப் பண்பை, ஆசிரியராகப் பயிலும் பயிற்சி ஆசிரியர்களுக்கு விரிவுரையாகச் சொல்லி என்ன பயன்? கிளித்தட்டு ஆட விடுங்கள். கோடுகளில் நிற்கும் காவலரிடம் தொடுபடாமல் மறுமுனைக்கு ஓடித் திரும்பும் ஆட்டம் அது. மலாய்ப் பிள்ளைகள் ஆடும் கலா பாஞ்சாங்கும் ஏறத்தாழ இதுதான்; எந்தப் பள்ளிக்குப் போனாலும் கைகொடுக்கும்.

பூப்பந்துத் திடல் போதும். வலையையும் கம்பங்களையும் அகற்றிவிட வேண்டும். 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். இரு கடைக்கோடுகள், வலையிருந்த இடத்துக்கு இருபுறமும் உள்ள இரு முன்சர்வீஸ் கோடுகள் என நான்கில் நால்வர் காவல். நடுக்கோட்டில் ஓட, ‘கிளி’ எனப்படும் காவலர் ஒருவர். கோடுகளைக் கடந்து ஓடும் எதிரணியிலும் ஐவர். கடைக்கோட்டுக்கு 76 சென்டிமீட்டர் உள்ளே இருக்கும் கோட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரு முன்சர்வீஸ் கோடுகளுக்கு இடையே நடுக்கோடு ஏறக்குறைய 4 மீட்டர் விட்டுப்போயிருக்கும். வெண்கட்டியால் அதை இணைக்காமல் தொடங்கினால் முதல் சண்டை அங்கேதான்.

காவலரின் கால் கோட்டில் இருக்கும்போது தொட்டால்தான் செல்லும். கையையும் காலையும் ஒரே நொடியில் பார்க்க எந்த நடுவராலும் முடியாது. ஆகவே முதல் சுற்றில் நடுவரே வேண்டாம். தொடப்பட்டவர் தாமாகக் கையை உயர்த்த வேண்டும். கோட்டைவிட்டுக் கால் விலகியிருந்தால் காவலர் தாமே சொல்ல வேண்டும். இருவரும் தமக்கு எதிராகவே சாட்சி சொல்கிறார்கள். பயிற்சியின் உயிர் இதில்தான். தகராறு பத்து எண்ணுவதற்குள் தீராவிட்டால், ஓடியவர் கடைசியாகக் கடந்த கோட்டிலிருந்து மறுபடி ஓட வேண்டும். தீர்ப்புச் சொல்லும் ஆசை விரிவுரையாளருக்கு வரும், அடக்கிக்கொள்ளட்டும். அவர் வாய் திறந்தால் எல்லாரும் அவர் முகத்தையே பார்ப்பார்கள், கை தானாக உயராது.

அடுத்த சுற்றில் பயிற்சி ஆசிரியர் ஒருவரை நடுவராக்கலாம். சற்றுமுன் ‘அவுட்’ ஆனவரே விசிலை எடுத்தால் நல்லது.

அணித்தலைவர்கள் ஆள் பொறுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். கடைசியாக எஞ்சுபவர் ஆட்டத்துக்கு முன்பே தோற்றுவிடுகிறார். ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பிரித்தாலே போதும்.

இடுப்பில் துணிப்பட்டை செருகி, அதை உருவினால் ‘அவுட்’ என்று சிலர் மாற்றி ஆடுகிறார்கள். தகராறு குறையும், உண்மைதான். ஆனால் பட்டை எதிரியின் கையில் இருக்கும்போது ஒப்புக்கொள்ள என்ன இருக்கிறது? தோளிலிருந்து மணிக்கட்டு வரை தொட்டால் மட்டும் செல்லும் என்று வையுங்கள். கூச்சப்படுவோர் இருந்தால் ஆண், பெண் அணிகளைத் தனியே ஆட விடலாம்.

சிமெண்ட் தரையில் காலணி கட்டாயம். மழை பெய்து ஈரம் காயாவிட்டால் ஆட்டத்தை ஒத்திவையுங்கள். திடீரென்று திரும்பும் ஆட்டம் இது, வழுக்கினால் முழங்கால் போய்விடும்.

ஆசிரியர் பயிற்சிக் கழகங்கள் புறப்பாட நேரத்தில் வாரம் 40 நிமிடம் இதற்கு ஒதுக்கலாமே.

உடற்கல்விப் பயிற்றுநர்கள் சிலர்,
செந்தூல், கோலாலம்பூர்