கை பிழை, கண் சரி

கிளிநொச்சி

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமை. பதில் பிந்தியதற்குக் காரணம் நீ அனுப்பிய வர்ணப் பெட்டிதான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பொழுதுபடும்வரை விறாந்தையில் கன்வஸுக்கு முன்னால் இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் நோ இப்ப எப்படி? இங்கே காலபோக விதைப்பு முடிந்தது, மழையும் தொடங்கிவிட்டது.

எண்ணெய் வர்ணம் நாங்கள் பழகிய நீர்வர்ணம் மாதிரி இல்லை மச்சான். தண்ணீர் ஆவியாகிற மாதிரி இது காயாது. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து இறுக வேண்டும், தடிப்பாகப் பூசினால் கிழமைக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அடியில் வர்ணத்தை இளக்கும் ரேபன்ரைன் கலந்து மெல்லிசாகவும், மேலே போகப்போக எண்ணெயைக் கூட்டியும் பூச வேண்டும். மாறிச் செய்தால் பிறகு வெடித்துப்போகும். முதல் மழைக்கு வந்த ஈசல்கள் நாலைந்து ஈர நீலத்தில் ஒட்டிக்கொண்டன. ஊசியால் எடுத்தேன். ஒரு செட்டை மட்டும் வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

பழகுவதற்கு எடுத்தது கிர்ச்னரின் படம். ஏர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ச்னர், 1905இல் ஜேர்மனியின் டிரெஸ்டனில் 'பாலம்' என்ற ஓவியர் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். முதலாம் உலகப் போரில் பட்டாளத்துக்குப் போய், மனம் உடைந்து திரும்பியவர். 1915இல் தன்னையே சிப்பாயாக வரைந்தார். கடும் நீலச் சீருடை, தோளில் 75 என்ற எண், வாயில் சிகரெட், மஞ்சள் பிடித்த முகம். வலது கை மணிக்கட்டோடு இல்லை, வெட்டுப்பட்ட முனையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். உண்மையில் அவருக்குக் கை போகவில்லை.

அந்தக் கண்களில் கருமணி இல்லை. நான் பழக்கத்தில் கருமணி வைத்து, வெள்ளைப் புள்ளியும் இட்டுவிட்டேன். உடனே அந்த முகம் என்னைப் பார்க்கத் தொடங்கியது. கிர்ச்னரின் மனிதர் யாரையும் பார்ப்பதில்லை. கத்தியால் சுரண்டி, துணியால் துடைத்தேன். கன்வஸின் நெசவுக்குள் கொஞ்சம் நீலம் தங்கிவிட்டது. பிறஷால் எவ்வளவு முயன்றும் வராத கண், அந்தக் கறையில் வந்தது.

பக்கத்து வளவு அண்ணை ஒருநாள் வந்து பார்த்தார். உனக்கு அவரைத் தெரியாது, நீ போன பிறகு குடிவந்தவர். 2009இல் செல் விழுந்து வலது கை போனது. வேலி கட்டுவதும் மண்வெட்டி பிடிப்பதும் இடது கையால்தான்.

"இவருக்குக் கை எந்தச் சண்டையில போனது?" என்று கேட்டார்.

"போகேல்லை அண்ணை. கீற ஏலாமப் போயிடுமோ எண்ட பயத்திலதான் இப்பிடிக் கீறினவர்."

கனநேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார், "கை பிழை தம்பி. நாங்கள் இப்பிடித் தூக்கிக் காட்டமாட்டம், மறைச்சுக்கொண்டுதான் திரிவம். கண் சரி."

அதைச் சொல்லும்போதும் அந்தக் கை அவருடைய சாரத்து மடிப்புக்குள்தான் இருந்தது. இவ்வளவு நாளாக நான் அதைக் கவனிக்கவே இல்லை.

அதன்பிறகு மணிக்கட்டில் பிறஷ் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒருவருடைய படத்தைப் பார்த்துப் பழகும்போது எதையும் மாற்றக்கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். இப்ப அந்த இடத்தில் முதல் பூசின மண்ணிறம் மட்டும் இருக்கிறது. நீ என்றால் என்ன செய்வாய்? யோசித்து எழுது.

வெள்ளை ரியூப் முடியப்போகிறது. ஊருக்கு ஆரும் வந்தால் ஒன்று கொடுத்துவிடு.

அன்புடன்,
உன் மச்சான்