மரம் பிடிக்கும் என்பதற்காக மட்டும் சேராதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் கல்வி இணைப்பிதழில் இயற்கை வளப் பாதுகாப்புப் படிப்பைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மருத்துவம், பொறியியலை விட்டுவிட்டு இதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதே பெரிய விஷயம். ஆனால் "இயற்கையை நேசிப்பவர்களுக்கு ஏற்ற படிப்பு" என்று தலைப்பிலேயே போட்டுவிட்டீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு இடிக்கிறது. நான் இதைப் படித்தவள். இதே மாதிரி ஒரு வரியை நம்பி வந்து சேர்ந்துவிட்டு, இரண்டாம் பருவத்தில் புள்ளியியல் தாளைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போனவர்கள் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் இருந்தார்கள். நானும் அதில் ஒருத்திதான்.

நேசம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இல்லாமல் அட்டை கடிக்கிற காட்டில் நாள் முழுக்க நிற்க முடியாது. ஆனால் அங்கே நின்று செய்கிற வேலை என்ன? அளப்பது, எண்ணுவது, அப்புறம் அளந்ததில் எவ்வளவு பிழை இருக்கும் என்று கணக்குப் போடுவது.

எங்கள் முதல் கள வகுப்பு இன்னும் நினைவில் இருக்கிறது. சரிவில் நின்ற ஒரே மரத்தின் சுற்றளவை மூன்று பேர் தனித்தனியாக அளக்கச் சொன்னார் பேராசிரியர். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் டேப்பைச் சுற்ற வேண்டும், சரிவென்றால் மேட்டுப் பக்கம் நின்று அந்த உயரத்தைக் குறிக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. மூன்று பேருக்கும் மூன்று எண் வந்தது. ஒருவன் பள்ளப் பக்கம் நின்று குறித்திருந்தான், இன்னொருத்தி டேப் பின்பக்கம் சரிந்திருந்ததைப் பார்க்கவில்லை, நானோ மரத்தில் ஏறியிருந்த கொடியையும் சேர்த்துச் சுற்றியிருந்தேன். "ஒரு மரத்துக்கே இப்படி, இனி காட்டுக்கு?" என்று கேட்டுவிட்டு அவர் பாட்டுக்கு அடுத்த மரத்தைப் பார்த்து நடந்துவிட்டார். அன்றைக்குக் கோபம் வந்தது. பிறகுதான் புரிந்தது, அந்த ஒரு கேள்விதான் பாடத்திட்டமே.

இது ஏதோ ஏட்டுப் படிப்பின் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் 'காட்' (cod) என்ற மீனுக்கு என்ன ஆனது என்று இந்தத் துறையில் ஏறக்குறைய எல்லா மாணவர்களும் படிப்பார்கள். மீன் வளம் எவ்வளவு இருக்கிறது என்று கணிக்க, பெரிய இழுவைப் படகுகளுக்கு எவ்வளவு மீன் கிடைக்கிறது என்ற கணக்கையும் நம்பினார்கள். படகுகளோ நல்ல கருவிகளை வைத்துக்கொண்டு மிச்சமிருந்த மீன் கூட்டமாக நிற்கிற இடத்தையே தேடிப் போய் அள்ளின. வலை நிறைந்துகொண்டே இருந்தது, கடல் காலியாகிக்கொண்டே வந்தது. 1992-ல் மீன்பிடிப்புக்கே தடை போட வேண்டியதாயிற்று, சுமார் 30,000 பேருக்கு வேலை போயிற்று. அரசியல், பேராசை எல்லாம் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் அளந்த விதம் தப்பு என்பதுதான் எங்களைத் தூங்கவிடாத பகுதி.

இன்னொன்று. இந்தத் துறையின் வேரைத் தோண்டிப் பார்த்தால் அங்கேயும் காடு மீதான காதல் பெரிதாக இல்லை! ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் சுரங்க நிர்வாகத்தில் இருந்தவர் ஹான்ஸ் கார்ல் வான் கார்லோவிட்ஸ். சுரங்கத்துக்கும் உலைக்கும் மரம் கிடைக்காமல் போய்விடும் என்ற பயத்தில், வளர்கிற அளவுக்கு மேல் வெட்டக் கூடாது என்று 1713-ல் எழுதினார். இன்று எல்லோரும் வாய் நிறையச் சொல்கிற 'நீடித்த பயன்பாடு' அங்கிருந்து வந்ததுதான். காடு என்பது அவருக்கு ஒரு கணக்குப் புத்தகம்.

சரி, கணக்கு மட்டும்தானா என்றால், இல்லை. கையால் கற்கிற பாடமும் உண்டு. மண் எந்த வகை என்று பார்க்க, ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து உருட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடா மாதிரி தள்ளிக்கொண்டே போக வேண்டும். 2.5 சென்டிமீட்டர் நீள்வதற்குள் ஒடிந்துவிட்டால் களி குறைந்த மண், 5 சென்டிமீட்டருக்கு மேலும் ஒடியாமல் தொங்கினால் நல்ல களிமண். ஆய்வுக்கூடம் வேண்டாம், கருவி வேண்டாம். ஆனால் விரலுக்குப் பிடிபட எனக்கு ஒரு மாதம் ஆனது, இதைத் திரையில் பார்த்துக் கற்றுக்கொள்ளவே முடியாது.

அப்புறம் மனிதர்கள். பொதுச் சொத்து என்றால் ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள் என்று சூழலியலாளர் காரெட் ஹார்டின் 1968-ல் எழுதியதை முதல் ஆண்டில் படிப்போம். அப்படியெல்லாம் இல்லை, பாசன வாய்க்காலையும் காட்டையும் மீன்பிடி நீரையும் தாங்களே விதி போட்டுக் காப்பாற்றிய சமூகங்கள் நிறைய இருக்கின்றன என்று எலினோர் ஆஸ்ட்ரோம் காட்டினார், அதற்காக 2009-ல் பொருளாதார நோபல் வாங்கினார். அவர் அரசியல் அறிவியல் படித்தவர் என்பதைக் கவனியுங்கள். ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசத் தெரியாதவர், எத்தனை செயற்கைக்கோள் படங்களை வைத்திருந்தாலும், ஒரு ஏரியைக்கூடக் காப்பாற்ற முடியாது.

வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பார்கள். வனம், நீர், மண் சார்ந்த துறைகள், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்கிற நிறுவனங்கள், ஆய்வு என்று இருக்கத்தான் செய்கிறது. உங்கள் கட்டுரையே அதைப் பட்டியல் போட்டுவிட்டது. அதில் வராதது ஒன்றுதான்: ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் மாணவர்களை ஆண்டுக்கு எத்தனை நாள் களத்துக்குக் கூட்டிப்போகிறார்கள்? ஒரே பெயரில் பட்டம் இருக்கும், ஒரு இடத்தில் நாற்பது நாள் காட்டிலும் வயலிலும் கழியும், இன்னொரு இடத்தில் ஒரே ஒரு சுற்றுலா, ஒரு குழுப் படம், முடிந்தது. கட்டடத்தையும் தரவரிசையையும் பார்த்துச் சேர்கிற பிள்ளைக்கு இது தெரியவே வராது.

அடுத்த முறை இந்தப் படிப்பைப் பற்றி அட்டவணை போடும்போது, கட்டண விவரத்துக்குப் பக்கத்தில் கள நாட்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்கிவிடுங்கள். தகவல் தர மறுக்கிற இடங்களுக்கு நேரே வெறும் கோடு போட்டுவிடுங்கள், போதும்.

இப்படிக்கு,
கொடியையும் சேர்த்து அளந்த ஒரு வாசகி