சர்க்கரைத் தண்ணியில் மிதந்து வந்தது

காட்பாடி,
ஆவணி முதல் வாரம்.

என் அன்புத் தோழிக்கு,

உன் கடுதாசி போன வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமல் வாசல் வரைக்கும் நடக்கிறாய் என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. மாடிப்படி மட்டும் இப்போதைக்கு வேண்டாம். பேத்தி கூப்பிட்டாலும் ஏறாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். ஆடி முடிந்தும் வெயில் தணியவில்லை. ரெண்டு நாள் சாயங்காலம் இடி இடித்துப் பெய்தது. பாலாற்றில் மணல் நனைந்ததோடு சரி.

“ரிட்டயர் ஆகியும் அந்த மைக்ராஸ்கோப்பில் அப்படி என்னடி பார்க்கிறாய்?” என்று கேட்டிருந்தாய். வளைய நூற்புழுவைத்தான், மண்ணில் இருந்துகொண்டு வேரைக் குடிக்கிற கண்ணுக்குத் தெரியாத புழு. சொல்ல நிறைய இருக்கிறது. சாய்ந்து உட்கார்ந்து படி.

கே.வி.குப்பத்தில் அண்ணனுக்கு நிலம் இருக்கிறதே, நாம் ஒரு தரம் மாங்காய் பறிக்கப் போனோமே, அங்கேதான் தொடங்கியது. ஒரு பக்கம் மா, இன்னொரு பக்கம் மானாவாரி மல்லாட்டை. (உங்கள் ஊரில் நிலக்கடலை என்பீர்கள். மணிலாக்கொட்டை என்று வந்தது எங்கள் வாயில் மல்லாட்டை ஆகிவிட்டது.) ரெண்டு வருஷமாக நாலைந்து மாமரம் நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வந்தது. தளிர் விடும், ஆனால் இலை சின்னதாக, வெளுத்துப்போய். அண்ணன் மண்ணை எடுத்துக்கொண்டு வெளியூரில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் கொடுத்தார். ‘வளைய நூற்புழு: இல்லை’ என்று தாளில் எழுதி வந்தது. அதை நம்பி ஒரு வருஷம் முழுக்க உரமும் நுண்ணூட்டமும் வாங்கிப் போட்டார். மரம் தேறவில்லை. அந்தத் தாளைப் பார்க்கும்போது இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. அவர்கள் பொய் எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. தேடிய வழி தப்பு.

அவர்கள் வைத்தது புனல். நாமும் எம்.எஸ்ஸியில் வைத்திருக்கிறோம்: புனலின் அடியில் ரப்பர் குழாய், கிளிப், மேலே மெல்லிய தாளில் மண், தாளைத் தொடும் அளவுக்குத் தண்ணீர். ஒன்றிரண்டு நாளில் நூற்புழுக்கள் நெளிந்து நெளிந்து தாளைத் தாண்டிக் கீழே இறங்கிக் குழாயில் சேரும். நெளிந்து இறங்கத் தெரிந்த புழுவுக்கு அது சரி. வளைய நூற்புழு அப்படி நெளியாது. அரை மில்லிமீட்டர் நீளம், குட்டையான தடித்த உடம்பு, படுசோம்பல். உடம்பைச் சுருக்கி நீட்டி, மண்புழுபோல ஊர்ந்து போகும். நூற்புழுவுக்கு நீளவாக்குத் தசை மட்டும்தான், மண்புழுவுக்கு இருக்கிற வளையத் தசை கிடையாது என்று நாம் மனப்பாடம் செய்தது ஞாபகம் இருக்கிறதா? அந்த ஒரே தசையை வைத்துக்கொண்டுதான் இது மண்புழு நடை நடக்கிறது. அதைப் புனலில் போட்டுவிட்டுக் கீழே காத்திருந்தால், அது பாட்டுக்கு மேலேயே கிடக்கும். குழாயில் ஒன்றும் வராது. ‘இல்லை’ என்று எழுத வேண்டியதுதான்.

ஆகவே நான் சர்க்கரைக்குப் போனேன். ஜென்கின்ஸ் என்பவர் 1964-இல் சுருக்கிச் சொன்ன முறை, இன்றைக்கும் அதுதான். மண்ணைத் தண்ணீரில் கலக்கி, கல்லும் கனமான மணலும் அடியில் தங்கியதும் மேல்தண்ணீரைச் சல்லடையில் வடித்து, சல்லடையில் நின்றதை சென்ட்ரிஃபியூஜில் சுற்றவேண்டும். புழுவெல்லாம் மண்ணோடு அடியில் உட்கார்ந்துவிடும். மேல்தண்ணீரைக் கொட்டிவிட்டு, 454 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து ஒரு லிட்டராக்கிய பாகை ஊற்றிக் கலக்கி, ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக மறுபடி சுற்றினால் மண் அடியில் நிற்கும், புழு மிதக்கும். அது நகரத் தெரிந்ததா, சோம்பேறியா என்ற கேள்வியே இல்லை, செத்தது கூட மேலே வந்துவிடும். உடனே நுண்சல்லடையில் வடித்து நல்ல தண்ணீரில் கழுவிவிடவேண்டும், தாமதித்தால் சர்க்கரை உடம்புத் தண்ணீரை உறிஞ்சிப் புழு வதங்கிப்போகும். கல்லூரியிலிருந்து கழித்துவிட்ட கைசுற்று சென்ட்ரிஃபியூஜ் ஒன்று என்னிடம் இருக்கிறது. சமையலறைத் தராசில் சர்க்கரை நிறுத்தேன். மேசை முழுக்க எறும்பு.

முதல் தட்டிலேயே இருந்ததடி. பம்பரத்தில் சாட்டையை நெருக்கமாகச் சுற்றினால் எப்படி இருக்கும், அப்படி உடம்பு முழுக்க வளையம் வளையமாக. ஒவ்வொரு வளையத்தின் விளிம்பும் பின்பக்கம் பார்த்துச் சாய்ந்திருக்கும், ஓட்டுக்கூரையில் ஓடு ஓட்டின்மேல் படிந்திருப்பதுபோல. தலைக்குள்ளே ஊசி. அந்த ஊசியின் நீளத்தையும் தடிமனையும் பார்த்தால் இவ்வளவு சின்ன உடம்புக்கு இவ்வளவு பெரிய ஆயுதமா என்றிருக்கும், அடியில் நங்கூரம் மாதிரி குமிழ்கள். வேருக்கு வெளியிலேயே இருந்துகொண்டு, ஊசியை உள்ளே இறக்கி, ஒரே ஒரு செல்லிலிருந்து நாள்கணக்கில் குடிக்கும். ஜீனோபிளாக்ஸ் என்ற இனம் ஒரே செல்லில் எட்டு நாள் வரை விடாமல் குடிப்பதை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வரை கொண்டுபோய்ப் பார்த்திருக்கிறார்கள்.

இனம் கண்டுபிடிப்பதுதான் என் ராத்திரிகளைத் தின்கிற வேலை. முதலில் வளையம் எண்ணவேண்டும். உதட்டிலிருந்து வால் நுனி வரை மொத்தம் எத்தனை, வால் நுனியிலிருந்து யோனித்துளை வரை எத்தனை, ஊசி எத்தனை வளையம் ஆழத்தில் முடிகிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். எண்பது, எண்பத்தொன்று என்று போய்க்கொண்டிருக்கும்போது பக்கவாட்டில் ரெண்டு வளையம் ஒன்றோடொன்று ஒட்டிக் கலந்திருக்கும். எந்தக் கோட்டோடு எண்ணினேன் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். முதுகுப் பக்கம் ஒரு தரம், வயிற்றுப் பக்கம் ஒரு தரம் எண்ணி இரண்டையும் குறித்துக்கொள்கிறேன். அந்தக் கலப்பு எங்கே வருகிறது, எவ்வளவு தடவை வருகிறது என்பதும் ஒரு அடையாளம்தான்.

எண்ணிக்கை மட்டும் போதாது. மல்லாட்டைப் பக்கத்து மண்ணில் கிடைத்ததில் தலை முகப்பில் நாலு சின்னக் குமிழ் தெளிவாகத் தெரிந்தது, யோனித்துளை திறந்திருந்தது. அந்த இரண்டும் சேர்ந்தால் மீசோகிரைகோனிமா என்ற பேரினம். துளை மூடியிருந்தால் கிரைகோனிமாய்ட்ஸ் பக்கம் போகவேண்டும். வளையத்தின்மேல் செதிலோ முள்ளோ வரிசை வரிசையாக இருந்தால் அது ஓக்மா வகையறா. ஆண் புழுவை நம்பி ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு ஊசியே கிடையாது, சாப்பிடாது, ஒல்லியாக வேறு ஒரு பிராணி மாதிரி இருக்கும். பல இனங்களில் ஆணே அபூர்வம், பெண்ணே தனியாகக் குஞ்சு பொரித்துவிடும்.

மாமரத்தடியில் கிடைத்தது வேறு. உடம்புக்கு மேலே இன்னொரு தோல், ஒட்டிய உறை. சட்டைக்கு மேலே இறுக்கமாக இன்னொரு சட்டை போட்ட மாதிரி. உறை என்றால் ஹெமிசைக்ளியோஃபோராவா, ஹெமிகிரைகோனிமாய்ட்ஸா என்று பார்க்கவேண்டும். முதலாவதற்குச் சாதாரணமாக வளையம் இருநூறைத் தாண்டும், உடம்பும் நீளம். என்னுடையது அவ்வளவு வரவில்லை. அப்புறம் ஒரு காரியம் செய்தேன், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: அதே மண்ணில் குஞ்சுகளைத் தேடினேன். ஹெமிகிரைகோனிமாய்ட்ஸில் தாய்க்கு மேல்தோல் மழமழவென்று இருக்கும், குஞ்சுக்கு மட்டும் உடம்பெங்கும் செதில் வரிசை. குஞ்சை வைத்துத் தாயை அடையாளம் காணலாம். ராத்திரி பதினோரு மணிக்கு, ஆயில் இம்மர்ஷனில், ஒரு குஞ்சின் முதுகில் அந்தச் செதில்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிந்து வந்தபோது உன்னைக் கூப்பிட்டுக் காட்டவேண்டும்போல இருந்தது.

மாமரத்தடியில் கிடைப்பது மாஞ்சிஃபெரே என்ற இனமாக இருக்க வாய்ப்பு அதிகம். சித்திக்கி 1961-இல் நம் நாட்டு மாமர மண்ணிலிருந்தே அதை விவரித்துப் பேர் வைத்தார். தென்னாப்பிரிக்காவில் லிச்சி மரங்களை நலியவைக்கிற புழு என்றும் அதற்குப் பேர் உண்டு. ஆனால் 1960-இல் எஸ்ஸர் விவரித்த இன்னொரு இனம் அதற்கு அச்சு அசலாகப் பக்கத்தில் வரும். ரெண்டும் ஒன்றா வேறா என்று நிபுணர்களுக்குள்ளேயே நெடுநாள் வழக்கு. இப்போது டி.என்.ஏ. வைத்துப் பிரிக்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதில் பல வகை ஒளிந்திருப்பது இந்தக் குடும்பத்தில் புதுசல்ல. ஆகவே என் நோட்டில் ஹெமிகிரைகோனிமாய்ட்ஸ் என்று மட்டும் எழுதி, இனம் இருக்கவேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

பேர்க் குழப்பம் உனக்குச் சிரமமாக இருக்கும். நம் ஜில்லாவை நினைத்துக்கொள். அப்பாவின் பத்திரத்தில் வட ஆற்காடு. 1989-இல் பிரித்ததும் அம்பேத்கர் மாவட்டம். பிறகு வேலூர். 2019-இல் மறுபடி மூன்றாகப் பிரித்து ராணிப்பேட்டை ஒரு பக்கம், திருப்பத்தூர் ஒரு பக்கம் போனது. நிலம் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. ஜீனோபிளாக்ஸ் கதையும் அதேதான். ராஸ்கி 1952-இல் பேர் வைத்தபோது கிரைகோனிமாய்ட்ஸ். 1965-இல் டி கிரைஸும் லூஃபும் அந்தப் பெரிய பேரினத்தைப் பல துண்டாக்கினார்கள். அப்புறம் சிலர் மாக்ரோபோஸ்தோனியா என்றார்கள். 1981-இல் லூக்கும் ராஸ்கியும் பலதைச் சேர்த்துக் கிரைகோனிமெல்லா ஆக்கினார்கள். இப்போது மீசோகிரைகோனிமா. ஐம்பது வருஷத்துக் கட்டுரைகளைத் தேடுகிறவள் இத்தனை பேரிலும் தேடாவிட்டால் பாதியைத் தவறவிடுவாள்.

பேரில் என்ன இருக்கிறது என்று அண்ணனும் கேட்டார். அவருக்கு அமெரிக்கப் பீச் தோட்டத்தைச் சொன்னேன். அங்கே தென்கிழக்கு மாநிலங்களில் நட்டு மூன்று முதல் ஏழு வருஷத்துக்குள் பீச் மரங்கள் வசந்த காலத்தில் திடீரென்று செத்துப்போகும். இந்த ஜீனோபிளாக்ஸ் தானாக மரத்தைக் கொல்வதில்லை. வேரைச் சீக்காக்கிவிடும், குளிரும் பாக்டீரியாவும் மிச்சத்தை முடித்துவிடும். அவர்களிடம் நீமகார்ட் என்று ஒரு வேர்க்கன்று உண்டு, நூற்புழுவைத் தாங்கும் என்று பேர் வாங்கியது. அது தாங்குவது வேர்முடிச்சு நூற்புழுவை. வளையப் புழு இருக்கிற மண்ணில் அதில் ஒட்டிய மரங்கள், லோவெல் என்ற இன்னொரு வேர்க்கன்றில் ஒட்டியவற்றைவிட அதிகமாகச் சாகின்றன. வெறுமனே நூற்புழு என்று எழுதியிருந்தால் எதை நடுவாய்? அண்ணன் பதில் சொல்லவில்லை, ஆனால் மறுநாள் தானாகவே மண்வெட்டியோடு வந்தார்.

புழு இருக்கிறது என்று நான் சொன்னதும் அவர் செய்யப் பார்த்தது இன்னொரு கூத்து. நேரே கடைக்குப் போய்க் குருணை மருந்து வாங்கி மரத்துக்கு மரம் கொட்டலாம் என்றார். கையைப் பிடித்து நிறுத்தினேன். இருப்பது வேறு, கெடுப்பது வேறு. மாமரம் நுனி காய்வதற்கு வறட்சி உண்டு, பூஞ்சை உண்டு, கறையான் உண்டு. காய்கிற மரத்தடியிலும், செழிப்பான மரத்தடியிலும், ஒரே ஆழத்தில், ஒரே அளவு மண் எடுத்து எண்ணிப் பார்க்காமல் நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன் என்றேன். அஞ்சு காய்கிற மரம், அஞ்சு நல்ல மரம் எடுத்து முடித்துவிட்டோம். எல்லாவற்றிலும் புழு இருக்கிறது, காய்கிறதில் கொஞ்சம் கூட. அந்தக் கொஞ்சம் போதாது. ஐப்பசி மழைக்குப் பிறகு புது வேர் விடும்போது மறுபடி எடுப்போம். அதுவரைக்கும் மருந்து கிடையாது என்று அண்ணி முன்னால் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

மல்லாட்டை பற்றி எனக்கு அவ்வளவு பயமில்லை, செடி பச்சையாக நிற்கிறது. ஆனாலும் அமெரிக்காவில் ஆர்னேட்டம் என்ற வளையப் புழு கடலையை மஞ்சளாக்கும் என்று படித்ததிலிருந்து வாரம் ஒரு தரம் போய் இலையைப் பார்க்கிறேன். நம் பக்கத்துக் காளஹஸ்தியில் எழுபதுகளின் நடுவில் கடலைக் காய் கறுத்துச் சிறுத்துப் போனதே, அதுவும் நூற்புழுதான், ஆனால் வேறு குடும்பம். அதையும் அண்ணனுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்போது உன்னிடம் ஒரு வேண்டுகோள். உன் கொல்லையில் அந்தக் கிழட்டு மாமரம் இன்னும் இருக்கிறதுதானே? உன் மருமகனிடம் சொல்லி அதனடியில் மண் எடுத்து அனுப்பு. மேல் மண்ணைத் தள்ளிவிட்டு, சன்ன வேர் ஓடுகிற ஆழத்தில், மரத்தைச் சுற்றி நாலு இடத்தில் எடுக்கச் சொல். வேரும் கொஞ்சம் சேர்ந்து வரட்டும். ஈரம் காயாமல் பாலிதீன் பையில் கட்டி, மேலே பென்சிலில் மரமும் தேதியும் எழுதி, வெயிலில் வைக்காமல் அன்றைக்கே கூரியரில் போடச் சொல். கார் டிக்கியில் வைத்தால் புழு வெந்துவிடும். பை வந்த அன்றைக்கே பாகு காய்ச்சிவிடுவேன். நீ நடக்கத் தெம்பு வந்ததும் ரயிலேறி வா, குஞ்சின் செதிலை உன் கண்ணாலேயே காட்டுகிறேன். ஸ்லைடைக் கிளிசரினில் போட்டு, ஓரத்தில் மெழுகு வைத்து மூடிப் பத்திரமாக எடுத்துவைத்திருக்கிறேன்.

உன்,
காட்பாடித் தோழி